தொலைக்காட்சியில் வந்த பெரியோரும் வாராத பெரியோரும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர்கள் பேச வேண்டிய மேடையில் இரயில்வே பார்சல் ஆபீசுக் குமாஸ்தா ஒருவனை நிறுத்தியிருக்கிறீர்கள். மெட்ரிக்குலேஷன் தேறியதோடு என் படிப்பு நின்றது. எங்கிருந்து எங்கே சரக்குப் போகிறது, எடை எவ்வளவு, வந்து சேர்ந்ததா இல்லையா என்று எழுதி வைப்பதே என் தொழில். ஆகையால் நம் நாட்டுப் பெரியோரின் வரலாறு தொலைக்காட்சி வாயிலாக நம் வீடு வந்து சேர்கின்ற செய்தியையும் அந்தக் கண்கொண்டே பார்க்கப் போகிறேன். வந்து சேர்ந்த சரக்கு எது? வழியில் தங்கிவிட்ட சரக்கு எது? தங்கியதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர் யார்? இந்த மூன்று வினாக்களே என் உரை.

1988ஆம் ஆண்டில் நான் எட்டு வயதுச் சிறுவன். என் தந்தையார் ஜோலார்பேட்டையில் இரயில்வே ஊழியர். குடியிருப்பில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகள் சிலவே. உயரமான கம்பத்தில் ஆண்டெனாவைக் கட்டி, ஒருவர் மேலே திருப்ப, மற்றொருவர் கீழேயிருந்து, "இப்போது தெரிகிறது, நிறுத்து!" என்று கூவுவார். அந்நாளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கிய தொடர்தான் 'பாரத் ஏக் கோஜ்'. ஜவாஹர்லால் நேரு அவர்கள் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் இருந்தபோது, 1944ஆம் ஆண்டில் எழுதி, 1946இல் வெளியான நூலை அடிப்படையாகக் கொண்டு, ஷியாம் பெனகல் அவர்கள் இயக்கிய தொடர் அது. மொத்தம் 53 பகுதிகள். ரோஷன் சேத் என்னும் நடிகர் நேருவாக வந்து முன்னுரை கூறுவார். ஓம் பூரி அவர்களின் கணீரென்ற குரல் கதையை நடத்திச் செல்லும்.

இந்தியில் பேசியது எங்களுக்கு முழுவதும் புரிந்ததில்லை. புரிந்த அளவுக்கு என் தந்தையார் சொல்லுவார். புரியாத இடத்தில் மௌனமாயிருப்பார். ஒருநாள் நான் பெரிய குழப்பத்தில் ஆழ்ந்தேன். கலிங்கப் போரைக் கண்டு மனம் நொந்த அசோகராகச் சில வாரங்களுக்கு முன் வந்த அதே முகம், பிறிதொரு நாள் தாடி வைத்துக்கொண்டு ஔரங்கசீப்பாக வந்து அமர்ந்திருந்தது! "அப்பா, அசோகர் எப்படி ஔரங்கசீப் ஆனார்?" என்று கேட்டேன். வீடே சிரித்தது. என் தந்தையார் மட்டும் சிரிக்கவில்லை. "இருவரும் ஓம் பூரிதான்; அசோகரின் முகத்தை நாம் யாரும் பார்த்ததில்லையடா!" என்றார்.

இன்று நினைத்துப் பார்த்தால், வரலாற்றுத் தொடர்களைப் பார்ப்பதற்கு வேண்டிய முதற்பாடம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருந்தது. திரையில் தோன்றுவது நடிப்பு. அதற்கு அடியில் இருப்பது சான்று. அசோகருக்குச் சான்று என்ன? கற்கள். அவற்றுள் ஒன்று நாம் வாழும் இந்தக் கருநாடகத்திலேயே, இராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கியில் 1915ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. தேவர்களுக்குப் பிரியமானவன் என்று மற்றக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் பட்டத்தால் மட்டுமே வழங்கப்பட்ட அம்மன்னனின் இயற்பெயர் அசோகன் என்பதை உறுதி செய்தது அந்த மஸ்கிக் கல். அதே அசோகரின் பாறைக் கட்டளைகளில் அவர் ஆட்சிக்கு அப்பாற்பட்ட அண்டை நாட்டினராகச் சோழரும் பாண்டியரும் குறிக்கப்படுகின்றனர். நடிகரின் முகம் மறந்துபோகலாம். கல் சொன்னது மறக்கலாகாது.

இனி இரண்டாவது செய்திக்கு வருகிறேன். அந்த 53 பகுதிகளுள் தமிழகத்தின் பங்கு யாது? சங்க காலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் இரண்டு பகுதிகள். சோழப் பேரரசுக்கு இரண்டு பகுதிகள். தமிழகத்தையே பொருளாகக் கொண்டு தனியே அமைந்தவை இவையே. வடபுலத்தார் எடுத்த தொடரில் கண்ணகியும் சோழரும் வந்தார்கள் என்று மகிழலாம். 53இல் நான்குதானா என்று குறைபடவும் செய்யலாம். இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். ஐயாயிரம் ஆண்டு வரலாற்றை 53 பகுதிகளில் அடைப்பவன், நூறு வேகன் சரக்கை ஒரு வேகனில் ஏற்றப் புகுந்தவனுக்கு ஒப்பாவான். எதை ஏற்றினாலும் பிளாட்பாரத்தில் மிச்சம் நிற்கும். நேருவின் நூலே சிறைச்சாலையில் எழுதப்பட்டது. அது ஒரு மனிதர் கண்ட பாரதம்; அந்த அளவில் பெரியது, அந்த அளவில் குறையுடையது. ஆதலின் விடுபட்டவை எல்லாம் வஞ்சத்தால் விடுபட்டன என்று கொள்ளுதல் நீதியன்று.

எனினும் நண்பர்களே, விடுபடுதல் வலிக்கும். பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளுக்கு வலிக்கும். இதை நான் நூலில் படிக்கவில்லை. என் வீட்டில் கற்றேன்.

2022ஆம் ஆண்டு, சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டையொட்டி, தூர்தர்ஷன் 'ஸ்வராஜ்' என்னும் தொடரை 75 பகுதிகளாக வெளியிட்டது. வாஸ்கோ ட காமா வந்திறங்கிய 1498ஆம் ஆண்டில் தொடங்கி விடுதலை வரை செல்லும் தொடர் அது. 1988ஆம் ஆண்டுத் தொடருக்கும் இதற்கும் ஒரு நல்ல வேறுபாடு உண்டு. இதனைத் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளிலும் குரல் மாற்றி மண்டல அலைவரிசைகளில் தந்தார்கள். என் தந்தையார் மௌனமாயிருந்த இடத்தில் நான் மௌனமாயிருக்க வேண்டிய தேவை நேரவில்லை. போர்த்துக்கீசியரை எதிர்த்த உள்ளாலத்து இராணி அப்பக்காவையும், கெளதி சிவப்ப நாயகரையும் என் மகள் தமிழ்க் குரலில் கேட்டாள்.

அவ்வேளையில் அவள் படிக்கும் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் நாட்டு வரலாற்றுப் பெரியோர் ஒருவராக வேடமிட்டு வந்து, ஐந்து நிமிடம் பேச வேண்டும். என் மகளுக்கு விருப்பமெல்லாம் வேலு நாச்சியார் மீது. என் மாமியார் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்தவர். அம்மாச்சி மடியில் படுத்து அவள் கேட்ட கதை அது. ஆனால் இரவு படுக்கும் முன் என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள்: "அப்பா, வேலு நாச்சியார் என்றால் வகுப்பில் யாருக்கும் தெரியாதே. நம்முடைய ஆள் என்று சிரிப்பார்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வெட்கமாயிருக்கிறது. "நமக்கெதற்கம்மா வம்பு? அப்பக்காவாகவே போய் வா. எல்லாருக்கும் தெரிந்த பெயர்," என்றேன். அவளும் அப்பக்காவாகவே போனாள், நன்றாகவே பேசினாள், பரிசும் வாங்கினாள். வீடு வந்து பரிசை மேசைமேல் வைத்துவிட்டு, "அம்மாச்சியிடம் சொல்ல வேண்டாம்," என்றாள்.

அந்த மூன்று சொற்கள் என்னைத் தூங்க விடவில்லை. இராணி அப்பக்கா போற்றுதற்குரியவர். அவர் வேடத்தை என் மகள் இட்டதில் எனக்குப் பெருமையே. ஆனால் தன் பாட்டியின் கதையை மறைப்பதற்காக அவ்வேடத்தை இட்டாள் என்பதே என் துயரம். அந்த மறைவைக் கற்றுக் கொடுத்தது தொலைக்காட்சியன்று, பள்ளியன்று, அண்டை வீட்டாருமல்லர். நானே கற்றுக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் வேலு நாச்சியாரின் வரலாற்றை நானே முறையாகப் படித்தேன். 1772ஆம் ஆண்டு காளையார்கோவிலில் அவர் கணவர் முத்துவடுகநாதத் தேவர், கும்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் சேர்ந்து தாக்கிய போரில் மாண்டார். குழந்தையோடு நாடிழந்த நாச்சியார் எங்கே போனார்? திண்டுக்கல்லை அடுத்த விருப்பாச்சிப் பாளையத்துக்கு. திண்டுக்கல் அப்பொழுது யாருடைய ஆட்சியில் இருந்தது? மைசூர் அரசின் ஆட்சியில்! அவருக்கு ஆதரவும் படைத்துணையும் தந்தவர் யார்? மைசூரை ஆண்ட ஹைதர் அலி. நம் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியவராகப் போற்றப்படும் அதே ஹைதர் அலி. எட்டு ஆண்டு காத்திருந்து, மருது சகோதரர்கள் உடன்நிற்க, 1780ஆம் ஆண்டில் சிவகங்கையை அவர் மீட்டார். 2008ஆம் ஆண்டில் அஞ்சல் துறை அவருக்கு முத்திரை வெளியிட்டது.

பார்த்தீர்களா? "வம்பு" என்று எந்தப் பெயரை நான் மறைக்கச் சொன்னேனோ, அந்தப் பெயருக்குள்ளேயே மைசூர் நாட்டின் நட்பு பொதிந்திருந்தது. என் மகள் அன்று வகுப்பில் எழுந்து, "எங்கள் சிவகங்கை இராணிக்கு உங்கள் மைசூர் மன்னர் துணை நின்றார்," என்று சொல்லியிருந்தால், சிரிப்பார் யார்? என் அறியாமை அன்றோ என் அச்சத்துக்குக் காரணமாயிற்று!

இதிலிருந்து மூன்றாவது செய்தி பிறக்கிறது. வழியில் தங்கிவிட்ட சரக்கைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர் யார்?

பெங்களூரு மைசூர் இருப்புப்பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். சென்னையிலிருந்து வரும் அகலப்பாதை வண்டி மைசூர் செல்ல இயலாது. ஆகவே ஒரு வண்டியிலிருந்து சரக்கை இறக்கி மறு வண்டியில் ஏற்ற ஆட்கள் இருந்தார்கள். பாதையின் அகலம் வேறு என்பதற்காக அரிசி மூட்டை மைசூருக்குப் போகாமல் இருந்ததா? இல்லை. தோள் கொடுக்க ஒருவன் இருந்தால், எந்தச் சரக்கும் எந்தப் பாதைக்கும் மாறும். மொழியும் அப்படித்தான்.

அப்படித் தோள் கொடுத்த தமிழர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் அவர்கள். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கப்பலில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கொண்டிருந்தபோது, மகாத்மா காந்தியின் வாழ்க்கையைத் திரைப்படமாகத் தொகுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. நடிகரை வைத்து எடுப்பதன்று. காந்தியடிகளையே நேரில் படமெடுத்தவர்கள் உலகில் எங்கெங்கு இருக்கின்றனரோ, அங்கெல்லாம் தேடிச் சென்று, அவர்கள் எடுத்த சுருள்களைத் திரட்டுவது. ஏறத்தாழ 50,000 அடிச் சுருள் திரட்டி, அதிலிருந்து 12,000 அடி கொண்ட படமாக்கி, 1940ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்டார். வெள்ளையர் ஆட்சி நடந்த காலம் அது. உலகப் போர் மூண்டிருந்த காலமும் கூட.

அந்தப் படம் முதலில் எந்த மொழியில் வந்தது? தமிழில்! காந்தியடிகள் பிறந்த குஜராத்தியில் அன்று, இந்தியில் அன்று, ஆங்கிலத்திலும் அன்று. பிறகுதான் தெலுங்கு, இந்தி முதலிய மொழிகளுக்குச் சென்றது. "காந்தி நம்முடைய ஆளா, அவர்களுடைய ஆளா?" என்று அந்த இளைஞர் கேட்கவில்லை. பெரியோர் ஒருவரைத் தம் மொழிக்குக் கொண்டு வருவது தம் கடமை என்று கொண்டார். தொலைக்காட்சி நம் நாட்டுக்கு வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, நாட்டுப் பெரியோரைச் சான்றோடு திரையில் காட்டுவது எவ்வாறு என்பதற்கு வழிகாட்டியவர் அவர். "எங்களை விட்டுவிட்டார்கள்" என்று குறைபடும்போதெல்லாம், "நாம் யாரைச் சுமந்து வந்தோம்?" என்று நம்மையே கேட்டுக்கொள்ளச் செய்கிறது அவர் வாழ்க்கை.

இந்த மண்ணிலும் அத்தகைய சுமத்தல் பழங்காலந் தொட்டு நடந்திருக்கிறது. ஈஜிபுராவுக்கு அண்மையில், காலாற நடந்து சென்றால் எட்டிவிடும் தொலைவில், தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில் இருக்கிறது. அங்கே போசள மன்னர் காலத்துக் கல்வெட்டுகள் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளன. ஊரின் பெயர் தொம்பலூர் என்று காண்கிறது. போசளர் கன்னட நாட்டு மன்னர்கள். அவர் ஆட்சியில் இந்தச் சுவரில் தமிழ் எழுதத் தடையிருக்கவில்லை. நாம் நேற்று இரயிலேறி வந்த விருந்தாளிகள் என்று எண்ணிக் கூசவும் வேண்டா. இது எமது ஊர் என்று செருக்கவும் வேண்டா. அந்தச் சுவரைப் பிள்ளைகளுக்குக் காட்டினாற் போதும். அடக்கமும் தைரியமும் ஒருங்கே வரும்.

மனக்கசப்பு நேர்ந்ததே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1991ஆம் ஆண்டின் இறுதியில் காவிரியை முன்னிட்டு இந்நகரில் நடந்தவற்றை நேரில் கண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கரையில் அதே ஆண்டில் நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. ஆயினும் 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அச்சிலை திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஈரடியில் அறம் சொன்னவர் இங்கே வந்தார். மூவடியில் அறம் சொன்னவர் அங்கே சென்றார். இரு மாநில முதலமைச்சர்களும் இரு விழாக்களிலும் கலந்து கொண்டனர். ஒரு பெரியோரைக் கொடுத்து ஒரு பெரியோரைப் பெற்ற அந்தப் பண்டமாற்றில் இரு தரப்பாருக்கும் இலாபமே. நட்டம் ஒருவர்க்கும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அல்சூர் வழியாகப் போகும்போது வள்ளுவர் சிலையை நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். சர்வக்ஞர் யார் என்று நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? நான் சொன்னதில்லை. என் மகள்தான் எனக்குச் சொன்னாள். பள்ளியில் கன்னடப் பாடத்தில் படித்தாளாம்.

ஆகவே, பெரியோர்களே, இந்தச் சங்கத்தின் முன் ஒரு சிறு விண்ணப்பத்தை வைத்து என் உரையை முடிக்க விரும்புகிறேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் கூடத்தில் பிள்ளைகளை அமர்த்தி, இத்தகைய வரலாற்றுத் தொடர்களில் ஒரு பகுதியை ஒன்றாகப் பார்ப்போம். பார்த்து முடித்தவுடன் கலைந்துவிடாமல், மூன்று கேள்விகள் கேட்போம். முதற்கேள்வி: இப்பொழுது பார்த்ததில் எது நடிப்பு, எது சான்று? கல்லா, ஏடா, காசா, கண்டவர் எழுதிய குறிப்பா? இரண்டாவது கேள்வி: இந்தக் கதையில் யார் வரவில்லை? வாராதவரைப் பற்றி நம் வீட்டுப் பாட்டி, பாட்டனாருக்குத் தெரியுமா? தெரிந்தால் அவரே எழுந்து ஐந்து நிமிடம் பேசட்டும். மூன்றாவது கேள்வி: இந்தப் பெரியோருக்கும் நம் அண்டை வீட்டார் மொழிக்கும் என்ன உறவு? இந்த மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல, நம் தெருவில் வாழும் கன்னட நண்பர்களையும் அவர்தம் பிள்ளைகளையும் அழைப்போம். அவர்கள் சர்வக்ஞரைச் சொல்லட்டும்; நாம் வள்ளுவரைச் சொல்வோம். அவர்கள் அப்பக்காவைச் சொல்லட்டும். நாம் நாச்சியாரைச் சொல்வோம். இரு கதையும் கேட்ட பிள்ளை எந்த வகுப்பிலும் எந்தப் பெயரையும் மறைக்க மாட்டாது.

பாட்டனார், பாட்டிமாரிடம் இன்னொன்றும் கேட்டு எழுதி வைப்போம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருத் தண்டு நிலையத்துக்கு 1864ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அவ்வழியே இங்கு வந்தன. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கி உழைத்தவர்களிலும் தமிழர் பல்லாயிரவர். அவர்களைப் பற்றி எழுபத்தைந்து பகுதி யாரும் எடுக்கப் போவதில்லை. அவர்களுக்கு வரலாறு வேண்டுமானால், அவர்தம் பேரப் பிள்ளைகளே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும், கேமரா வேண்டுவதில்லை.

கடைசியாக ஒரு செய்தி. சென்ற ஆண்டு விடுமுறையில் சிவகங்கைக்குச் சென்றிருந்தோம். என் மகள் தன் அம்மாச்சியிடம் நடந்தது அனைத்தையும் தானே சொல்லிவிட்டாள். அந்த மூதாட்டி சினக்கவில்லை. "அந்த அப்பக்கா யாரடி? அவள் கதையைச் சொல்லு," என்றார். இரவு வெகு நேரம் வரை, என் மகள் உள்ளாலத்து இராணியின் கதையைச் சிவகங்கைத் திண்ணையில் தமிழில் சொல்லிக் கொண்டிருந்தாள். நான் செய்யத் தவறியதை அவ்விருவரும் செய்து முடித்தார்கள். அங்கே சரக்கு வந்து சேர்ந்தது. கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டியவன் நான் ஒருவனே.